செவலை தாண்டாத கம்பு

அத்தியாயம் 9

கம்பு முழங்கால் உயரம்கூட இல்லை. ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். செவலை தாண்டவில்லை.

ஓடிவந்த வேகத்தில் முன்னங்கால்களை ஊன்றி அப்படியே நின்றுவிட்டது குதிரை. ஆதிரா அதன் கழுத்தில் போய் மோதினாள். பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு எப்படியோ சேணத்திலேயே தங்கினாள். செவலை தலையைத் தாழ்த்தி, அந்தச் சவுக்குக் கம்பை நிதானமாக முகர்ந்து பார்த்தது.

"இன்னைக்கும் மாட்டேன்னுட்டா மவராசி," என்றான் சுயம்புராஜ்.

ஆதிராவின் அண்ணன். பூதப்பாண்டியில் சென்டரிங் சாமான்களை வாடகைக்கு விடுபவன். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவன். கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுக்கும் கம்புகளில் நேரானவற்றைப் பொறுக்கி, வெள்ளையும் சிவப்புமாக பெயின்ட் அடித்துத் தங்கைக்குக் கொடுத்தவனும் அவன்தான். இப்போது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பைத் தாங்கி நிற்கும் ஹாலோபிளாக் கல் ஒன்றின்மேல் கால் வைத்து நின்றான்.

"ஏட்டி, எறங்கு. பெங்களூரு ரயிலு வந்து எவ்வளவு நேரமாச்சு. பிள்ள இப்ப வந்துருவா."

"ஒரே ஒரு தடவ அண்ணா."

"விடிஞ்சதுலேருந்து இதத்தான சொல்லுக."

ஆதிரா குதிரையைத் திருப்பிக்கொண்டு தோப்பின் மறுகோடிக்குப் போனாள். அறுத்த வயலுக்கு அப்பால் தாடகை மலை வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. தொப்பிக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது.

செவலை இந்தத் தோப்புக்கு வந்து சேர்ந்த கதை நமக்குத் தெரியும். கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்த குதிரை. காலில் புண் வைத்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கொட்டகையில் தலை கவிழ்ந்து நின்றது. மருந்து போடப் போன கால்நடை டாக்டர் ஆதிரா, புண் ஆறியதும் அதைத் தானே வாங்கி வந்துவிட்டாள். வெடிச்சத்தத்துக்கும் மேளத்துக்கும் அசையாத அந்தக் குதிரை, தரையில் கிடந்த கம்பைக் கண்டதும் பின்னால் நகர்ந்தது. அதைக் கம்பின்மேல் நடக்கவைக்கவே மாசி முழுக்கப் போனது. வரிசையாகக் கிடந்த கம்புகளுக்கிடையே மெதுவாக ஓடவைக்கப் பங்குனி போனது. கம்பைக் கொஞ்சம் உயர்த்தியதும் எல்லாம் நின்றுபோனது.

எதற்காக இந்தப் பாடு என்பதும் நமக்குத் தெரியும். போன வருடம் குடும்ப நீதிமன்றத்தில், யாரோடு இருக்க ஆசை என்று கேட்டபோது, பத்து வயது ரேஷ்மி யோசிக்காமல் சொன்னாள்: "அப்பாகூட. அங்க எனக்கு குதிரை கிளாஸ் இருக்கு. அம்மா ஊர்ல குதிரை இல்ல."

வேறு காரணம் எதையாவது சொல்லியிருந்தால் ஆதிரா அழுது ஆறியிருப்பாள். குதிரை இல்லை என்றல்லவா சொல்லிவிட்டாள்! கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவள் ஆதிரா. இல்லாத குதிரையைக் கொண்டுவர முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. குதிரை வந்தது. ரேஷ்மி அங்கே தடுப்புத் தாண்டப் பழகுகிறாள் என்று தெரிந்தபிறகு, தாண்டும் குதிரையாக இருக்கவேண்டும் என்று தோன்றியது.

"பிள்ள வாறது ஒன்னயப் பாக்க," என்றான் சுயம்பு. "குதிரையப் பாக்க இல்ல."

"அப்படி அவ ஒரு தடவயாவது சொல்லியிருக்காளா?"

சுயம்பு கல்லிலிருந்து காலை எடுத்தான். கம்பின் ஒரு முனையைத் தரையில் இறக்கி வைத்தான்.

ஆதிரா மறுபடி வந்தாள். இந்தமுறை செவலை நிற்கவில்லை. கம்புக்கு முன்னால் இடப்பக்கம் வளைந்து, தென்னைக்கும் கல்லுக்கும் நடுவே நுழைந்து போய்விட்டது.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

●

ரேஷ்மி வளர்ந்திருந்தாள். காரிலிருந்து இறங்கியபோது ஆதிராவின் தோளைத் தொட்டது அவள் தலை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். யார் வெட்டச் சொன்னது, யார் கூட்டிப்போனது என்று கேட்கவேண்டும்போல இருந்தது.

"வந்தியா மக்கா?"

"வந்துட்டேன் அம்மா. நல்லாருக்கீங்களா?"

நீங்க. முன்பெல்லாம் நீ, வா, போ என்பாள். ஆதிரா அவளை அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் வலது கை முதுகில் விழுந்தது. இடது கை விழவில்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் நொண்டல் பார்த்துப் பழகிய கண். ரேஷ்மி விலகிப்போய் டிக்கியிலிருந்து பையை எடுத்தபோது ஆதிரா கவனித்தாள். வலது கையால் இழுத்தாள். இடது முழங்கை கொஞ்சம் மடங்கியே இருந்தது. முழுக்க நீளவில்லை.

"மக்கா, கைய நீட்டு."

ரேஷ்மி அப்பாவைப் பார்த்தாள்.

குமாரதாஸ் கார் கதவைச் சாத்திக்கொண்டே, "நீ உள்ள போம்மா, மாமா இருக்காங்க," என்றான். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினான். "கிளாஸ்ல விழுந்துட்டா. தை மாசம். முழங்கைல லேசா முறிவு. இப்ப சரியாயிட்டு. எக்சர்சைஸ் மட்டும் பண்ணணும்."

"தை மாசம்." ஆதிரா அதையே திரும்பச் சொன்னாள். வாரந்தோறும் வீடியோவில் பேசியிருக்கிறாள். கழுத்து வரைதான் தெரியும்படி போனைப் பிடித்திருக்கிறது குழந்தை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா ஒங்களுக்கு?"

"தோணிச்சு."

"பின்ன?"

"பயந்தேன்." அவன் மழுப்பவில்லை. "பிள்ளைய ஒழுங்காப் பாத்துக்கல்லன்னு நீ மறுபடி கோர்ட்டுக்குப் போயிருவியோன்னு நெனச்சேன். நான்தான் அவட்ட சொல்லாண்டாம்னு சொன்னேன். அவமேல கோவப்படாத."

கோட்டாற்றில் தன் அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். கார் திரும்பும்வரை ஆதிரா அங்கேயே நின்றாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கைக்கு மாவுக்கட்டுப் போடும்போது குழந்தை யாரைக் கூப்பிட்டிருக்கும் என்ற நினைப்புதான் திரும்பத்திரும்ப வந்தது.

கொல்லைப்பக்கம் போனபோது ரேஷ்மி தோப்பின் வேலியோரம் நின்றிருந்தாள். செவலை தென்னையில் கட்டிக்கிடந்தது. நடுவில் வெள்ளையும் சிவப்புமாகக் கம்பு.

"இது யாரோட குதிரை?"

"ஒனக்குத்தான். ஒனக்குன்னு வாங்கினேன்."

எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை. சொன்னதும் ரேஷ்மி துள்ளுவாள், ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்திருந்தாள்.

ரேஷ்மி ஓரடி பின்னால் வந்தாள். கண் குதிரைமேல் இல்லை. கம்பின்மேல் இருந்தது.

"நான் இப்ப கிளாஸுக்குப் போறதில்லம்மா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

●

மதியச் சாப்பாடு சுயம்புவின் சமையல். சோற்றுக்கு உள்ளித்தீயல், தொட்டுக்கொள்ளப் பயறுதுவரன். மருமகளுக்கென்று ஒரு சீப்பு மட்டிப்பழமும் வாங்கி வைத்திருந்தான்.

ஆதிரா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் மாமனும் மருமகளும் பேசுவது அடுப்படிக்குக் கேட்டது.

"பெரிய குதிரையாக்கும் ஒன்னயத் தள்ளுனது?"

"தள்ளல மாமா. ஓடி வந்துச்சு, கம்புகிட்ட டக்குனு நின்னுட்டு. நான் மட்டும் தாண்டிட்டேன்."

சுயம்பு சிரித்துவிட்டான். ரேஷ்மியும் சிரித்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"விழுந்ததுகூட வலிக்கல மாமா. அப்புறம் எல்லாரும் மறுபடி ஏறு, ஏறுன்னு சொன்னாங்க. அதான் பிடிக்கல."

"சரிதான். எனக்கும் அப்படித்தான். தேங்கா பறிக்க ஏறி விழுந்தேன். பெறவு தென்னையப் பாத்தாலே ஒதுங்கித்தான் போவேன்."

"நிஜமாவா?"

"ஆமா. சத்தியமா. ஒங்க அம்மைட்ட கேளு."

அப்பளம் கருகியது. ஆதிரா சட்டியை இறக்கினாள். தன்னிடம் சொல்லவேண்டிய கதை. தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது பேச்சு நின்றுபோனது. ரேஷ்மி தீயலைப் பிசைந்து, ருசித்து, "நல்லாருக்கு மாமா," என்று மட்டும் சொன்னாள்.

●

வெயில் சாய்ந்ததும் ஆதிரா தோப்புக்குப் போய்க் கல்லைப் பிரிக்கத் தொடங்கினாள். பிள்ளை இங்கிருக்கும் நாளெல்லாம் அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். அறிவுள்ள தாயாக இருந்தால் காலையிலேயே எடுத்துப் போட்டிருக்கவேண்டும்.

"ஏன் எடுக்குறீங்க?"

ரேஷ்மி வேலிக்கு உள்ளே வந்திருந்தாள். கையில் ஒரு மட்டிப்பழம்.

"வேண்டாம் மக்கா. ஒனக்கும் பிடிக்கல, அதுக்கும் பிடிக்கல."

"அது தாண்டாதா?"

"தாண்டாது. நின்னுரும். இல்லன்னா பக்கத்துல வளைஞ்சு போயிரும்."

ரேஷ்மி செவலையைப் பார்த்தாள். "முதுகு வலிக்குதோ என்னவோ."

"பாத்துட்டேன். முதுகு, குளம்பு, பல்லு, சேணம் உக்காருற எடம், எல்லாம் பாத்தாச்சு. ஒரு கொறையும் இல்ல."

"அப்போ தப்பு உங்க மேலதான்."

டாக்டர் குரலில் சொன்னாள். ஆதிராவுக்குச் சிரிப்பு வந்தது. இதைப்போல ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள்!

"ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க. நான் இங்கேருந்தே பாக்கிறேன்."

சேணம் பூட்டி, தொப்பி மாட்டி, ஆதிரா ஏறினாள். கம்பைத் தாழ்வாகவே வைத்தாள். தோப்பை ஒருமுறை சுற்றி வந்து நேரே விட்டாள். செவலை நன்றாகத்தான் வந்தது. கம்பு நெருங்க நெருங்க அதன் ஓட்டம் குறுகியது. நின்றது.

"அம்மா!" ரேஷ்மி கத்தினாள். அம்மா கழுத்தில் மோதியதைப் பார்த்து அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் ஓடிவந்தாள். "நீங்க கம்பையே பாக்குறீங்க. கிட்ட வந்ததும் கைய வேற இழுக்குறீங்க. போன்னும் சொல்றீங்க, நில்லுன்னும் சொல்றீங்க. அது பாவம், என்ன செய்யும்?"

ஆதிராவுக்குத் தெரியாததல்ல. இருபது வயதில் மைதானத்தில் என்.சி.சி. சுபேதார் தொண்டை கிழியக் கத்தியதுதான். தடுப்பைப் பார்க்காதே, தாண்டியபின் போகும் இடத்தைப் பார். ஆனால் இந்த மூன்று மாதமும் அந்தக் கம்பைத் தவிர வேறொன்றும் அவள் கண்ணில் படவில்லை. குதிரை தாண்டினால் பிள்ளை வருவாள். தாண்டாவிட்டால் வரமாட்டாள். அந்த நினைப்போடு ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"எங்க பாக்கணும்?" என்று கேட்டாள்.

ரேஷ்மி சுற்றிலும் பார்த்தாள். கம்புக்கு அப்பால், தோப்பின் கோடியில் ஒரு தென்னையைக் காட்டினாள். "அந்த மரத்த."

"எல்லா மரமும் ஒண்ணுபோல இருக்கு மக்கா."

"சரி. நான் போய் அங்க நிக்கிறேன்."

"நேரா நிக்காத. மரத்த ஒட்டி ஒதுங்கி நில்லு."

ரேஷ்மி ஓடினாள். மரத்தை ஒட்டி நின்று, வலது கையை உயர்த்தினாள். பிறகு இடது கையையும் முடிந்தவரை உயர்த்தினாள். அது பாதி வளைவிலேயே நின்றது.

"அம்மா, என்னய மட்டும் பாரு!"

செவலை கிளம்பியது. ஆதிரா மகளைப் பார்த்தாள். குட்டைமுடி, மஞ்சள் பனியன், வளைந்த கை. காலையிலிருந்து நேராகப் பார்க்கத் துணியாத முகம். இப்போது பார்ப்பதற்குக் காரணம் கிடைத்திருந்தது. கம்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கை தளர்ந்து பிடரியில் கிடந்தது. குதிரையின் ஓட்டம் குறுகுகிறதா என்றுகூடக் கவனிக்கவில்லை. ரேஷ்மியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அடியில் ஏதோ திரண்டு எழும்பியது. ஒரு கணம் குளம்புச் சத்தம் இல்லை. பிறகு தரை வந்து இடித்தது.

ஆதிராவின் ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவியிருந்தது. தொப்பி கண்ணை மறைத்தது. வீட்டுப் பின்வாசலிலிருந்து சுயம்பு, "சாடிட்டா! ஏட்டி, தாண்டிச் சாடிட்டா!" என்று கத்துவது கேட்டது.

கம்பு விழவில்லை. செவலை தேவைக்குமேல் இரண்டு மடங்கு உயரம் தாவியிருந்தது.

இறங்கி ஓடியபோது ரேஷ்மி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "விழுந்துருவேன்னு நெனச்சேன்... நீ விழுந்துருவேன்னு..."

"விழல்ல மக்கா. இங்க பாரு, விழல்ல."

இப்போதுதான் ஆதிரா அந்த முழங்கையைக் கையில் எடுத்தாள். மெல்லத் தடவி, எலும்பு கூடிய இடத்தை விரலால் உணர்ந்தாள். ரேஷ்மி இழுத்துக்கொள்ளவில்லை. பின்னாலேயே வந்து நின்ற செவலை, பிள்ளையின் மறுகையில் நசுங்கியிருந்த மட்டிப்பழத்தைத் தோலோடு தின்றது.

●

விளக்கு வைக்கும் நேரத்தில் குமாரதாஸ் மறுபடி வந்தான். கைக்குப் பயிற்சி செய்யும் ரப்பர் பந்து காரிலேயே இருந்துவிட்டதாம். அதைக் கொடுத்தபிறகும் போகவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றான்.

"ஒரு காரியம் சொல்லணும் ஆதிரா. கம்பெனில என்னய ஜெர்மனிக்கு அனுப்புறாங்க. ஆவணில போகணும். எப்படியும் மூணு வருஷம்."

ஆதிரா பந்தை அழுத்தினாள். "ரேஷ்மி?"

"கூட்டிட்டுப் போகலாம். ஒங்கிட்ட விட்டுட்டும் போகலாம். கை முறிஞ்சத மறைச்சு ஒன்ன ஏமாத்தினவன்தான் சொல்லுகேன், இதுல ஏமாத்த மாட்டேன். அவட்ட இன்னும் சொல்லல்ல. நீ சொல்லு. நீயே கேளு. அவ என்ன சொன்னாலும் நான் சம்மதிக்கேன்."

அவன் முகம் இளைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். சாப்பிட்டுப் போங்க என்று வாய்வரை வந்தது. சொல்லுமுன் அவன் காரில் ஏறிவிட்டான்.

தோப்பில் ரேஷ்மி செவலைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆதிரா பக்கத்தில் போய் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பந்தை நீட்டினாள்.

"அப்பா ஜெர்மனி பத்தி சொன்னாங்களா?" என்றாள் ரேஷ்மி.

"ஒனக்குத் தெரியுமா?"

"போன்ல பேசினத கேட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு அப்பாக்குத் தெரியாது." பந்தை இடது கையில் வாங்கி அழுத்தினாள். முகம் சுளித்தது. "இப்பவும் என்னயத்தான் கேப்பீங்களா, யாருகூட இருக்கேன்னு? போன தடவ ஜட்ஜ் கேட்டாங்க, வக்கீல் கேட்டாங்க, அப்பா கேட்டாங்க. நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்லல. ஒரு தடவகூட வான்னு கூப்பிடல."

"ஒன்னய இழுத்துப் பிடிச்சா ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன் மக்கா."

"எனக்கு அது தெரியாதே. உங்களுக்கு நான் வேண்டாம்னு நெனச்சேன். குதிரை கிளாஸ்னு சும்மா சொன்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல, அதச் சொன்னேன்."

ஆதிரா குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஒரு வருடமும் நடந்திருந்தாள்.

பிறகு மண்ணில் மண்டியிட்டு, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"எங்கூட இரு ரேஷ்மி," என்றாள். "எனக்கு நீ வேணும். இந்தக் குதிர தாண்டினாலும் தாண்டாட்டாலும், நீ அதுல ஏறினாலும் ஏறாட்டாலும். எங்கூட இரு."

ரேஷ்மி பந்தைக் கீழே போட்டாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தமுறை இரண்டு கையும் முதுகில் விழுந்தன. வளைந்த கையும் தன்னால் ஆனமட்டும் இறுக்கியது.

பிறகு ஆதிராவின் தோளிலிருந்தபடியே ரேஷ்மி மெல்லக் கேட்டாள்:

"அப்போ அங்க அப்பா தனியாவா இருப்பாங்க?"

சாப்பிட்டுப் போங்க என்று சொல்லாமல் விட்டது ஆதிராவுக்கு நினைவு வந்தது.